அலமாரி

'அலமாரி' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அம்மொழியில் 'அர்மா' என்றால் ஆயுதம். தொழிற்கருவிகளையும் அது குறிக்கும். அவற்றை வைக்கும் பெட்டகம் 'அர்மாரியம்'. ரோமர் காலத்திலேயே உணவு, துணி, பணம், ஏட்டுச்சுருள் என எதை வைத்தாலும் அதற்கு அதே பெயர்தான்.

இடைக்காலக் கிறித்தவ மடங்களில் அர்மாரியம் பெரும்பாலும் நூல்களின் இருப்பிடம். நூல்களைக் காத்துவந்த துறவிக்கு 'அர்மாரியஸ்' என்றே பெயர். 716-க்கு முன் இங்கிலாந்தில் எழுதி முடிக்கப்பட்டு, இப்போது ஃபிளாரன்ஸ் நகரில் உள்ள ஒரு நூலகத்தில் இருக்கும் 'கோடெக்ஸ் அமியாட்டினஸ்' என்ற விவிலியப் பிரதியில் அர்மாரியத்தின் அருமையான ஓவியம் ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டு எழுத்தர் எஸ்ரா அமர்ந்து எழுதுகிறார். பின்னால் கதவு திறந்த அலமாரி. அதன் தட்டுகளில் ஒன்பது தொகுதிகள் படுக்கைவாக்கில் கிடக்கின்றன. நூல்களைச் செங்குத்தாக நிறுத்தும் வழக்கம் அப்போது இல்லை.

'அல்' என்ற தொடக்கத்தைப் பார்த்து 'அலமாரி'யை அரபுச் சொல் என்று கருதத் தோன்றும். அது பொருந்தாது. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் வந்தால் ஒன்று லகரமாகத் திரிவது பல மொழிகளில் காணும் இயல்பு. இடைக்கால இலத்தீனிலேயே 'அல்மாரியம்' என்ற வடிவம் வந்துவிட்டது. பிரெஞ்சு 'ஆர்முவார்' பழைய ரகரத்தைக் காத்தது. ஆங்கிலத்தில் 'ஆம்ப்ரி' ஆகி, தேவாலயச் சுவரில் திருப்பொருள்கள் வைக்கும் மாடத்தைக் குறித்தது.

இந்தியாவுக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். மேசை, சாவி, சன்னல் ஆகியவையும் அவர்கள் வழி வந்தவையே. ஒரு வீட்டின் அறைக்குள் இத்தனை சொற்கள் ஒரே மொழியிலிருந்து நுழைந்தது வியப்புக்குரியது. இந்தி, உருது, வங்காளத்தில் 'அல்மாரி', மலையாளத்தில் 'அலமார', சிங்களத்தில் 'அல்மாரிய', மலாயில் 'அல்மாரி', இந்தோனேசியத்தில் 'லெமாரி'. இலங்கைத் தமிழர் 'அலுமாரி' என்பார்கள்.

பெட்டி, பேழை, பரண், உறி, மாடக்குழி என்று தமிழில் பொருள் வைக்கும் இடங்களுக்குப் பெயர்கள் ஏராளம். ஆனால் தட்டுகளும் கதவும் கொண்டு நிமிர்ந்து நிற்கும் மரச்சாமானுக்கு, அந்தச் சாமானோடு வந்த பெயரே நிலைத்தது. சுவருக்குள் பதித்துக் கதவு போட்டதையும் அலமாரி என்றே அழைத்தனர்.

பின்னர் இரும்புத் தகட்டில் செய்தது வந்தபோது தமிழ்நாட்டில் அதற்கு வேறு பெயர் ஏற்பட்டது: பீரோ. தெலுங்கில் அது 'பீருவா'. இதன் மூலம் பிரெஞ்சுச் சொல்லான 'பியூரோ'. எழுதும் மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர் முதலில் மேசைக்கும், பிறகு அலுவலகத்துக்கும் ஆனது. தமிழ்நாட்டில் அது நகையும் பட்டுப்புடவையும் பூட்டிவைக்கும் இரும்பு அலமாரியைக் குறிக்கிறது.