ஆப்பிளுக்கு முன்னாடியே நம்மூர்க்காரர் செஞ்ச கம்ப்யூட்டர்?

சாரல் ஆரம்பிச்சா ஊர்ப்பக்கம் போகாம இருக்க முடியாது. போன வாரம் தென்காசி போயிருந்தேன். ஐந்தருவியில ஆம்பளைங்க வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கிது. பக்கத்துல என் பள்ளிக்கூட சேக்காளி. மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ்ல பொட்டி தட்டுறான். எண்ணெய் தேச்ச தலையோட சும்மா நிக்க முடியாம ஆரம்பிச்சான்:

"ஏல, ஆப்பிளுக்கு முன்னாடியே நம்ம திருச்செந்தூர்க்காரர் கம்ப்யூட்டர் செஞ்சு வித்துட்டாரு, தெரியுமா?"

தெரியுமாவா! காலேஜ் மூணாம் வருஷ செமினார்ல இதே வரியை நானே ஸ்லைடு போட்டு, கைதட்டலும் வாங்கினவன். கடைசியில ஒரு வாத்தியார் மட்டும் "வருஷம் சொல்லுப்பா"ன்னு கேட்டார். முழிச்சேன். அந்தக் கடன் பாக்கி இருக்கு. இப்ப அடைச்சிடறேன்.

ஆள் ஷிவ் நாடார். 1945-ல திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழி கிராமத்துல பிறந்தவர். அம்மா வாமசுந்தரி தேவி, தினத்தந்தி ஆதித்தனாரோட தங்கை. கோவை பி.எஸ்.ஜி.யில எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு, புனேவுல கொஞ்ச நாள் வேலை, அப்புறம் டெல்லி. அங்க டி.சி.எம். அதாவது டெல்லி கிளாத் மில்ஸ். பேரைப் பாத்து துணி மில்லுன்னு நினைச்சிடாதீங்க. துணி மில்தான், ஆனா அதுல டேட்டா ப்ராடக்ட்ஸ்னு ஒரு பிரிவு கால்குலேட்டர் செஞ்சுட்டிருந்தது. அங்கதான் அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி எல்லாம் சேக்காளி ஆனாங்க. 1975-ல இந்தக் கூட்டம் வேலையை விட்டுட்டு மைக்ரோகாம்ப்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டர் செய்யத்தான் ஆசை. கையில காசு இல்ல. அதனால முதல்ல தெரிஞ்ச தொழிலான கால்குலேட்டரையே வித்தாங்க. கடைகளுக்குக் கொண்டுபோக டெலிவிஸ்டாங்கிற டி.வி. கம்பெனியோட விற்பனை ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கிட்டாங்க.

இந்தக் கால்குலேட்டர் விஷயத்தை லேசா தாண்டிப் போயிடக் கூடாது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். இன்டெல்லோட முதல் மைக்ரோபிராசஸர் 4004 (1971) எதுக்காகப் பிறந்தது? பிஸிகாம்ங்கிற ஜப்பான் கம்பெனியோட கால்குலேட்டருக்காக. 1975 ஜனவரியில ஆல்டேர் 8800-ஐ வெளியிட்டு அமெரிக்காவையே ஆட்டின மிட்ஸ் கம்பெனி, கால்குலேட்டர் விலைப் போட்டியில அடி வாங்கி நடுத்தெருவுக்கு வர இருந்த கம்பெனி. கமடோர்? அவங்களும் கால்குலேட்டர். ஆப்பிளோட வாஸ்னியாக் பகல்ல எச்.பி.யில கால்குலேட்டர் டிசைன் பண்ணிட்டிருந்தவர். ஆப்பிள்-1 செய்ய முதல் தேத்த தன்னோட எச்.பி. கால்குலேட்டரையே வித்தார். ஆக டெல்லியில ஒரு மொட்டைமாடி ரூம்ல உக்காந்திருந்த நம்ம ஆட்களும், கலிஃபோர்னியா கேரேஜ்ல உக்காந்திருந்தவங்களும் வந்தது ஒரே பாதையில. கால்குலேட்டருக்குள்ள சில்லு வந்துடுச்சு, அந்தச் சில்லுக்கு வேற வேலையும் குடுக்கலாமேன்னு ரெண்டு பக்கமும் தோணியிருக்கு. வித்தியாசம் என்னன்னா, அங்க சில்லை அடுத்த தெருக் கடையில வாங்கலாம். இங்க ஒரு ஸ்க்ரூ இறக்குமதி பண்ணவும் டெல்லியில நாலு மேசைக்கு அலையணும்.

லைசென்ஸ் ராஜ்யம். கம்ப்யூட்டர் செய்யணும்னா காசு இருந்தா மட்டும் பத்தாது, அரசாங்கம் அனுமதி தரணும். இவங்க போட்ட முதல் 1,87,000 ரூபாய்னு சொல்வாங்க. அந்தப் பணத்தை வச்சுக்கிட்டு எந்த மேசையில போய் நிக்க? அப்பத்தான் உத்தரப்பிரதேச அரசு தங்க மாநிலத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழில் வேணும்னு தேடிட்டிருந்தது. அவங்க மாநில எலக்ட்ரானிக்ஸ் கழகம் 26 சதவீதப் பங்கு எடுத்தது. 1976 ஆகஸ்ட் 11-ம் தேதி இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் பிறந்தது. நாம சொல்ற எச்.சி.எல். நொய்டாவும் அதே 1976-ல உருவான ஊர்தான். திருச்செந்தூர்க்காரர் கம்பெனிக்கு ஏன் நொய்டா சொந்த ஊராச்சுன்னு சின்ன வயசுல எனக்கு ஒரு வருத்தம். பதில் ரொம்ப எளிசு: கை குடுத்த மாநிலம் அது.

இப்ப வாத்தியார் கேட்ட வருஷத்துக்கு வருவோம். ஆப்பிள் தொடங்கினது 1976 ஏப்ரல் 1. எச்.சி.எல். அதே வருஷம் ஆகஸ்ட். நாலு மாசம் தம்பி. ஆப்பிள்-1 1976-லயே வித்தாச்சு, ஆப்பிள்-2 1977-ல. எச்.சி.எல்.லோட 8சி வந்தது 1978-ல. ராக்வெல் கம்பெனியோட பி.பி.எஸ்-8ங்கிற 8 பிட் சில்லை வச்சு இங்கயே டிசைன் பண்ணது. ஆக, "ஆப்பிளுக்கு முன்னாடி"ங்கிறது தப்பு. ஆனா ஐ.பி.எம். பி.சி. வந்தது 1981 ஆகஸ்ட் 12. அதுக்கு மூணு வருஷம் முன்னாடிங்கிறது சத்தியமான உண்மை. கைதட்டு வாங்க அதுவே தாராளமா போதுமே, எதுக்கு ஆப்பிளை இழுத்தேன்னு தெரியல :-)

அந்த 1978-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த வருஷம்தான் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. அதுவரைக்கும் இங்க கம்ப்யூட்டர்னாலே ஐ.பி.எம்.தான். மேல்நாட்டுல ஓரங்கட்டின 1401 மெஷின்களைப் புதுப்பிச்சு இங்க வாடகைக்கு விட்டுட்டிருந்தாங்க. 1973 அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. ஜனதா ஆட்சியில தொழில் அமைச்சரா இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் விட்டுக்குடுக்கல, ஐ.பி.எம்.மும் விட்டுக்குடுக்கல. கிளம்பிட்டாங்க. பந்தியில பெரிய இலை காலியானப்ப எச்.சி.எல். கையில ஒரு சொந்த மெஷின் தயாரா இருந்தது. இதை அதிர்ஷ்டம்னும் சொல்லலாம். ஆனா மூணு வருஷம் முன்னாடியே வேலையை விட்டுட்டு இறங்கினவனுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் பிரயோஜனப்படும்.

அதுக்கப்புறம் வேகம். 1980-ல சிங்கப்பூர்ல ஃபார் ஈஸ்ட் கம்ப்யூட்டர்ஸ். 1981-ல என்.ஐ.ஐ.டி., மெஷின் வித்தா மட்டும் போதாது, அதைத் தட்டத் தெரிஞ்ச ஆளும் வேணுமேன்னு. நம்ம சீனியர்கள்ல பாதிப்பேர் அந்த வாசல்ல வரிசையில நின்னவங்கதான்.

1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசோட புதுக் கம்ப்யூட்டர் கொள்கை வருது. கெடுபிடி தளருது. அடுத்த வருஷமே எச்.சி.எல். 'பிஸிபீ'யை இறக்குது. இதுல ஒரு சின்ன முரண் இருக்கு, பாத்தீங்களா? கதவெல்லாம் சாத்தியிருந்த 1978-ல வந்தது சொந்த டிசைன். கதவு திறந்த 1985-ல வந்தது ஐ.பி.எம். பி.சி.யோட நகல். தப்பு சொல்லல. ஐ.பி.எம். தன் பி.சி.யைக் கடையில கிடைக்கிற பாகங்களை வச்சுக் கட்டியிருந்தது. பயாஸ் மட்டும்தான் அவங்க சொந்தச் சரக்கு. அதையும் காம்பாக் 1982-லயே நேர்மையா, மூலத்தைப் பாக்காம புதுசா எழுதிக் காட்டியாச்சு. அப்புறம் உலகமே நகல்தான் எடுத்தது. லோட்டஸ் ஓடாத கம்ப்யூட்டரை எவன் வாங்குவான்? நான் அன்னிக்கு எச்.சி.எல்.ல இருந்திருந்தாலும் நகலுக்குத்தான் கை தூக்கியிருப்பேன். ஆனாலும் 8சி வம்சம் அப்படியே நின்னுபோனது மனசுல ஒரு ஓரமா உறுத்துது.

மிச்சக் கதை வேகமாவே சொல்லலாம். 1991-ல எச்.பி. 26 சதவீதம் வாங்கி கூட்டு சேந்தது, சில வருஷத்துல பிரிஞ்சது. 1997-ல இந்தியா உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல சேந்தது, 2005 வாக்குல கம்ப்யூட்டர் இறக்குமதி வரி சைபராச்சு. வெளியில செஞ்சு முடிச்ச பெட்டிக்கு வரி இல்லைன்னா உள்ள உக்காந்து எவன் பூட்டுவான்? 2013-ல எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் பி.சி. தயாரிப்பையே நிறுத்துறதா அறிவிச்சது. வேலை குடுத்து வளந்ததெல்லாம் மென்பொருள் பக்கம்.

இதையெல்லாம் சேக்காளிகிட்ட ஒப்பிச்சேன். அவன் குளிச்சு முடிச்சு தலை துவட்டிக்கிட்டே, "எங்க கம்பெனியும் சில்லு செய்யப் போறோம்னு சொன்னாங்க, 2025-ல வேண்டாம்னு வச்சுட்டாங்கல்லா"ன்னான். அதே 2025-லதான் எச்.சி.எல்.லும் ஃபாக்ஸ்கானும் சேந்து சில்லு ஆலை வைக்க மத்திய அரசு ஒப்புதல் குடுத்தது. இடம் ஜேவர். எந்த மாநிலம்? அதே உத்தரப்பிரதேசம்! ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பார்டர் கடைக்கு பரோட்டா திங்கப் போயிட்டோம்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டேன். அப்பா தென்காசியில வங்கி குமாஸ்தாவா இருந்தவர், சங்கத்துக்காரர். ரங்கராஜன் கமிட்டி (1984) வங்கிகள்ல மெஷின் வைக்கச் சொன்ன காலத்துல, "கம்ப்யூட்டர் வந்தா நம்ம சோறு போச்சு"ன்னு கறுப்பு பேட்ஜ் குத்தினவர். அந்தக் கம்ப்யூட்டர் துட்டுலதான் இப்ப நான் வீட்டுக்கு மாசாமாசம் அனுப்புறேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கிட்டதில்ல.

"உங்க கிளைக்கு முதல்ல வந்த லெட்ஜர் மெஷின் எந்தக் கம்பெனிப்பா? எச்.சி.எல்.லா?"

"பேரையெல்லாம் யாருடே பாத்தா? அதுக்குன்னு தனி ரூம், ஏ.சி. வேற. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். சங்கத்துல திட்டிட்டு வந்து, மத்தியானம் வெயிலுக்கு எல்லாரும் அந்த ரூம்லதான் கிடப்போம்."