ஊட்டி தூங்கிக்கொண்டிருந்தபோது…

ஊட்டி என்றதும் பொட்டானிக்கல் கார்டன், படகுச் சவாரி, வர்க்கி… அதோடு பஸ் ஏறிவிடுகிறோம். அதே ஊரில் ‘கிரேப்ஸ்-3’ என்று ஒன்று இருக்கிறது. திராட்சைத் தோட்டம் இல்லை! டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம்.

அங்கே கனத்த கான்கிரீட்டுக்கு அடியில் 3,712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். (கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வேறொரு ஆராய்ச்சிக்காகக் கிடந்தவை. அங்கே வேலை முடிந்ததும், நிஜமாகவே மலையேறிவிட்டன!) வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற துகள் உள்ளே புகுந்தால், குழாய் ஒரு மின்துடிப்பைத் தரும். ‘என் வழியா யாரோ போனாங்க’… ஒரு குழாய்க்குத் தெரிந்தது அவ்வளவுதான். எந்தத் திசையிலிருந்து? தெரியாது. நாலு அடுக்குக் குழாய்களும் அனுப்பும் சேதியை ஒன்று சேர்த்தால்தான் வந்த பாதை புலப்படும். இப்படி நிமிடத்துக்குச் சுமார் 25 லட்சம் மியூவான்கள்!

2015 ஜூன் 22 முடிந்து, நள்ளிரவு பன்னிரண்டரை மணி. எண்ணிக்கை திடீரென்று ஏறியது. 2 மணி நேரம் அப்படியே நீடித்தது. சற்று முன்னால்தான் சூரியன் வீசியெறிந்த பிளாஸ்மா மேகம் பூமியில் மோதியிருந்தது. சரி… ஆனால் சூரியன் அப்போது பூமியின் அந்தப் பக்கம் அல்லவா இருந்தது? நடுராத்திரி ஊட்டிக்கு எப்படி?

இதற்கு விடை தேட, கணினிக்குள் ஒரு பொய் பூமியை உருவாக்கி, கோடிக்கணக்கில் பொய்த் துகள்களை ஏவிப் பார்க்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு அது ஆகிற காரியமா? அங்கிருந்த விஞ்ஞானிகளும் இன்ஜினீயர்களும் தாங்களே கோத்துவைத்திருந்த 1,280 கோர் கணினிப் பண்ணை கைகொடுத்தது. கல்யாண வீட்டில் காய் நறுக்குகிற மாதிரி வேலை இது. ஆளுக்கொரு குவியல். ஒரு துகளின் கணக்குக்கு இன்னொன்றின் கணக்கு தேவையில்லை. அதனால் நடுவில் பேச்சு குறைவு. கடைசியில் எல்லாத் தட்டும் சமையல்காரரிடம் வந்தால் போதும். (வானிலைக் கணிப்பு இப்படியல்ல. பக்கத்து ஊர்க் காற்றைக் கேட்காமல் ஒரு அடி நகர முடியாது. அங்கே கணினிகள் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும்.)

2016-ல் ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் விடை வெளியானது. பிளாஸ்மாவோடு வந்த காந்தப்புலம் 17 மடங்கு நசுங்கி, பூமியின் காந்தக் கவசத்தோடு பின்னி, அதைக் கொஞ்ச நேரம் தளர்த்திவிட்டது. அந்த இடைவெளியில் நுழைந்தவை சூரியனின் துகள்களே அல்ல. விண்மீன்களுக்கு நடுவே சுற்றித் திரிந்த காஸ்மிக் கதிர்கள். பகல் பக்கமாக உள்ளே வந்து, பூமியின் காந்தப்புலத்தில் அரைவட்டமாக வளைந்து, ராத்திரிப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஊட்டியின் தலைமேல் இறங்கியிருக்கின்றன.