புழுங்கலரிசியும் 18 உயிர்களும்

சின்ன வயசுல புழுங்கலரிசிச் சோத்தைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பேன். வெள்ளை வெளேர்னு பச்சரிசிச் சோறுதான் வேணும். மலாயாவில் பெரிபெரி பரவிய வரலாற்றைப் படித்த பிறகு அந்த முகச்சுளிப்பு போயிடுச்சு.

1900களின் தொடக்கம். மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் தளர்ந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே வேலை பார்த்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. வித்தியாசம் அரிசியில்தான் என்றார் பிராடன் என்ற மருத்துவர். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல்.

வில்லியம் ஃபிளெச்சர் என்ற இன்னொரு மருத்துவர் இதை நம்பவில்லை. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 கடைசியில் சோதனையைத் தொடங்கினார். 120 பேருக்குப் பச்சரிசி, 123 பேருக்குப் புழுங்கல். ஒருவேளை இடம்தான் காரணமோ என்று, பாதியில் இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்டவர்களில், நோயோடு வந்து சேர்ந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் அது வரவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுசாப் போகாது. அந்த வைட்டமினைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1926ல்தான். நம்ம வீடுகளில் நெல் அவித்த பெண்கள் அதற்கு ரொம்ப முன்னாடியே அதைச் சோற்றில் சேர்த்துவிட்டார்கள், பெயர் தெரியாமலே.

அந்த 18 பேர் பூட்டி வைக்கப்பட்டிருந்தவர்கள். எந்த அரிசி வேணும்னு சொல்ல அவர்களுக்கு வழியில்லை. எனக்கு இருந்தது, நான்தான் தட்டைத் தள்ளிவிட்டேன்.