சொல்தா தாத்தாவின் சங்கிலி

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர். தெருவில் ‘சொல்தா தாத்தா’ என்றால்தான் தெரியும். சின்ன வயதில் தீ பட்டு, நெற்றிப்பொட்டில் பளபளவென்று ஒரு தழும்பு. 70 வயதில் அந்தத் தழும்பில் புண் வந்தது. வெட்டி எடுத்துத் தைத்தார்கள். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு வருஷம் கழித்து காதுக்கு முன்னால் கட்டி. ‘பொன்னுக்கு வீங்கி’ என்று சொல்லி, பாட்டி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டார். இந்த வயதிலா பொன்னுக்கு வீங்கி? யாரும் கேட்கவில்லை. நான் உள்பட! நாலு மாதம் ஓடிப்போயிற்று.

தோலில் தொடங்கிய புற்றுநோய், காதோரத்து எச்சில் சுரப்பியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அங்கே ஏன்? நெற்றி, உச்சந்தலை, காது... இந்தப் பகுதித் தோலின் நிணநீர் வந்து சேரும் கணுக்கள் ‘பரோட்டிட்’ எனும் அந்தச் சுரப்பிக்குள்ளேயே இருக்கின்றன. தப்பிய செல்களுக்கு அதுதான் முதல் ஸ்டேஷன்.

இந்த வியாதியின் சரித்திரத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள்! தோலில் வரும் கறுப்புக் கட்டிக்கு ‘மெலனோஸ்’ என்று பெயர் வைத்தவர், பிற்பாடு ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லெனெக். பழைய தழும்பில் முளைக்கும் புண்ணை 1828-ல் வர்ணித்தவர் மார்ஜோலின். அது புற்றுநோய் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் இன்றுவரை அது ‘மார்ஜோலின் புண்’தான். புற்றுநோய் இடம்விட்டு இடம் தாவுவதை 1829-ல் ‘மெட்டாஸ்டாஸ்’ என்றவர் ரெகாமியே. பாரீஸில் இவர்கள் இருந்த அதே காலத்தில், 1823-ல், புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தது. அதன் வழி வந்ததுதான், 1964-ல் பெயர் மாறிய ஜிப்மர்.

பெயர் வைத்தாகிவிட்டது, வைத்தியம்? அங்கேதான் சிக்கல். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் கிளை பிரிகிறது. அந்த நரம்பின் வேலையை 1821-ல் விளக்கியவர் சார்லஸ் பெல். அது அறுந்தால் கண் மூடாது, வாய் கோணும், குடிக்கிற காபி ஓரமாக வழியும். கட்டியை எடுத்தால் முகம் போகும்; முகத்தைக் காப்பாற்றினால் கட்டி திரும்பி வரலாம். பி.காம் படித்த எனக்கு இப்படியொரு பற்று வரவைப் பார்த்த ஞாபகம் இல்லை. நரம்பை விட்டுவிட்டுச் சுரப்பியை முழுதாக எடுத்த பெருமை, 1892-ல் ருமேனியாவின் கொத்ரியானுவுக்குப் போகிறது. 1898-ல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடிக்க, கதிர்வீச்சும் துணைக்கு வந்தது.

வெயிலும் வெள்ளைத்தோலும் கூடிய ஆஸ்திரேலியாவில்தான் இந்த நோயாளிகள் அதிகம். தாத்தாவுக்கு வந்த ரகத்தில், அறுவை, அதன்பின் கதிர்வீச்சு என்று இரண்டும் கிடைத்தவர்களில் 100-க்குச் சுமார் 70 பேர் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள் என்கின்றன அந்த ஊர்க் கணக்குகள். ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்களின் கணக்கு இவ்வளவு நன்றாக இல்லை. கட்டி பெரிதாகிக் கழுத்துக்கும் இறங்கிவிட்டால் இன்னும் மோசம். திரும்பி வருவதானால், பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும்.

2018-ல் அமெரிக்காவில் செமிப்லிமாப் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்மீது ஏவிவிடும் சமாசாரம். 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு முன்பே இதைப் போட்டுக்கொண்ட 79 பேரில் பாதிப் பேருக்கு, வெட்டி எடுத்த சதையில் உயிருள்ள ஒரு புற்றுச் செல்கூட இல்லை! விலையைத்தான் கேட்கக் கூடாது.

தாத்தாவுக்கு அந்த ஊசியெல்லாம் இல்லை. அறுவை, ஆறு வாரம் கதிர்வீச்சு. நரம்பில் ஒரு கிளையைப் பலி கொடுக்க வேண்டியதாயிற்று. இது மூன்றாவது வருஷம். மூட மறுக்கும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சாயங்காலம் கடற்கரைச் சாலைக்கு வருகிறார். கழுத்தில் இன்னமும் பாட்டியின் சங்கிலி.

“அதான் பொன்னுக்கு வீங்கி இல்லேன்னு ஆயிடுச்சே, கழட்டிடலாமே பாட்டி?” என்றேன்.

“ஏன் தம்பி, பாட்டுக்கு அது கெடக்கட்டும். உனக்கு என்னா நோவுது?”