கேசட்டில் வளர்ந்த கச்சேரி

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள் செய்தது. அவற்றில் எது உச்சம் என்ற வாதம் அதன் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனாலும் அந்த வாதத்தில் ஒரு தேதி தவறாமல் வந்து நிற்கும்: 1977 மே 8. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் அன்று கச்சேரி நடந்தது. ராணுவப் பயிற்சிக்கென்று கட்டி, பிறகு விளையாட்டுக்கும் பயன்பட்டுவந்த அந்தக் கூடத்தில் சில ஆயிரம் பேருக்குத்தான் இடம். தாம் கேட்டவற்றுள் தலைசிறந்த கச்சேரி அதுவே என்று சொல்பவர்களின் தொகையோ அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் பெரும்பாலோர் இத்தாக்கா பக்கமே போகாதவர்கள்; அப்போது பிறந்தே இராதவர்களும் உண்டு. 1977ஆம் ஆண்டு வசந்தகாலச் சுற்றுப்பயணத்தின் புகழை ஆராய்கிறவர்கள் இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் புகழில் பாதிதான் மேடையில் வாசித்தவர்களுக்கு உரியது. மறுபாதி, கேசட்டுகளைப் பிரதியெடுத்து அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு உரியது.

முதலில் மேடைக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடலாம். 1974இல் இந்தக் குழு சுமார் 75 டன் எடையுள்ள ஒலிபெருக்கி அமைப்பை ஊர் ஊராகச் சுமந்து திரிந்தது. செலவும் களைப்பும் தாங்காமல் அந்த அக்டோபரோடு பயணங்களை நிறுத்தியது. 1976 ஜூனில் மறுபடி கிளம்பியபோது, 1971இல் விலகிப்போயிருந்த டிரம்மர் மிக்கி ஹார்ட் திரும்பியிருந்தார். பின்னாளில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு சேர்ந்து ‘பிளானட் டிரம்’ என்ற தொகுப்பை உருவாக்கி கிராமி விருது பெற்ற அதே ஹார்ட்தான். அவரும் பில் க்ரொய்ட்ஸ்மனும் ஆக இரண்டு டிரம்மர்கள் மறுபடி ஒரே நடைக்கு வரக் காலம் தேவைப்பட்டது. 1976-77 குளிர்காலத்தில் ‘டெராப்பின் ஸ்டேஷன்’ ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் கீத் ஓல்சன் குழுவைக் கறாராக ஒத்திகை பார்க்கவைத்தார். அந்தப் பயிற்சியின் சூடு ஆறுமுன் ஏப்ரல் 22இல் பிலடெல்பியாவில் பயணம் தொடங்கி, மே 28இல் ஹார்ட்ஃபோர்டில் முடிந்தது. ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாடலிலிருந்து இடைவெளியே இல்லாமல் ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ பாடலுக்குள் புகும் வழக்கம் அந்த மார்ச்சில்தான் பிறந்திருந்தது. இத்தாக்காவில் அந்த இணைப்பு இருபது நிமிடங்களைத் தாண்டி ஓடியது. இரண்டாம் பகுதியின் முடிவில் ‘மார்னிங் ட்யூ’ பாடலில் குழுவின் கிடார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவின் வாசிப்பு படிப்படியாக ஏறிப்போய் நிற்கும் இடத்தை இன்று கேட்டாலும் புகழில் மிகையில்லை என்றே தோன்றும்.

அப்படியானால் ஆராய என்ன இருக்கிறது, நன்றாக வாசித்தார்கள், நல்ல பெயர் நிலைத்தது, அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பயணத்தின் மற்ற இரவுகளைக் கேட்டால் இந்த விடை போதாது என்று தெரியும். மே 5 நியூ ஹேவன், மே 7 பாஸ்டன், மே 9 பஃபலோ என முன்னும் பின்னும் நடந்த கச்சேரிகள் தரத்தில் கார்னெலுக்கு அருகிலேயே நிற்கின்றன. பஃபலோதான் மேல் என்று வாதாடும் பழுத்த ரசிகர்கள் உண்டு. குழுவின் காப்பகத்திலிருந்து ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசை வரத் தொடங்கியபோது, 1995இல் வெளியான அதன் மூன்றாம் தொகுதிக்கு எடுத்துக்கொண்டது மே 22இல் புளோரிடாவில் நடந்த கச்சேரியை. ஹார்ட்ஃபோர்டின் கடைசி இரவு 2009இல் தனி வெளியீடாக வந்தது; 2013இல் அதே மே மாதத்தின் வேறு ஐந்து இரவுகள் ஒரே பெட்டியாக வந்தன. ஐந்தாறு வாரப் பயணத்தில் இத்தனை இரவுகள் தேறுகின்றன. ஆகவே ரசிகர்கள் ஏன் 1977 மே மாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு வாசிப்பின் தரம் விடை சொல்கிறது. ஏன் எட்டாம் தேதி என்பதற்கு அது விடை சொல்லவில்லை.

விடையை ரசிகர்களின் பழக்கத்தில் தேட வேண்டும். இந்தக் குழு ஒரு பாடலை இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்ததில்லை. நேற்று கேட்ட தோடி ஆலாபனையை இன்றைய கச்சேரியில் அப்படியே எதிர்பார்க்காத நம்மூர் ரசிகரைப் போல, டெட் ரசிகரும் ஒவ்வோர் இரவையும் தனிப் படைப்பாகவே எண்ணினார். அதனால் ஸ்டுடியோ ஆல்பம் அவருக்குப் போதவில்லை. மைக்கும் டேப் ரிக்கார்டரும் கூட்டத்துக்குள் வந்தன. 1971இல் நியூயார்க்கில் லெஸ் கிப்பெல் என்ற ரசிகர் நாடாக்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் வட்டமொன்றைத் தொடங்கினார். அதிலிருந்து 1974இல் பிறந்த இதழ்தான் இன்றும் வெளிவரும் ‘ரீலிக்ஸ்’. வெற்றுக் கேசட்டையும் திருப்பி அனுப்பத் தேவையான தபால் தலையையும் அனுப்பினால் முன்பின் தெரியாதவர்கூடப் பதிவெடுத்து அனுப்புவார். காசுக்கு விற்பவரை மட்டும் யாரும் மதிக்கமாட்டார்கள். குழுவும் இந்தப் பதிவெடுப்பை முதலில் கண்டும் காணாமல் விட்டது. 1984 இலையுதிர்காலத்தில், பதிவெடுப்பவர்களின் மைக் கம்பங்கள் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக வளர்ந்துவிட்டதால், அரங்கில் அவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிச் சீட்டும் விற்றது. வருமானம் ஆல்பத்தைவிடக் கச்சேரியிலிருந்தே அதிகம் வந்ததால் இந்தத் தாராளத்தால் அதற்கு நட்டமில்லை.

பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க கேசட்டில் இரைச்சல் ஏறும். கூட்டத்தின் நடுவே பிடித்த பதிவில் கைதட்டலும் பேச்சும் வேறு சேரும். எந்த இரவின் நாடா தெளிவாகக் கிடைக்கிறதோ அந்த இரவே பலர் காதுக்குப் போகும். கார்னெலின் கதை இங்கே பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண்ணிடம் வருகிறது. குழுவின் ஒலிப்பதிவாளரான அவர் மேடையின் ஒலியை நேராக ரீல் நாடாவில் பிடித்துவந்தார். பாட்டும் வாத்தியமும் தனித்தனியே காதில் விழும் அவருடைய பதிவுகளுக்கு நிகர் அன்று குறைவு. 1980களின் நடுவில், வாடகை கட்டாமல் கிடந்த ஒரு சேமிப்பறையின் பொருள்கள் ஏலத்துக்குப் போனபோது அவருடைய நாடாக் குவியலும் கைமாறியது. அவற்றிலிருந்து எடுத்த பிரதிகள் ‘பெட்டி போர்ட்ஸ்’ என்ற பெயரில் ரசிகர் வலையெங்கும் பரவின. இத்தாக்கா இரவும் அப்படித் தெளிந்த ஒலியில் உலவிய ஒன்று. புதிதாக வருபவருக்கு மூத்த ரசிகர் முதலில் நீட்டும் கேசட்டாக அது ஆனது. முதலில் கேட்டதை அளவுகோலாக வைத்துக்கொள்வது மனித இயல்பு. அடுத்து வரும் நூறு நாடாக்களையும் அவர் அதோடுதான் ஒப்பிடுவார். 1987 முதல் வெளிவந்த ‘டெட்பேஸ்’ என்ற கச்சேரிப் பட்டியல் நூல் ரசிகர்களின் வாக்குகளையும் திரட்டி அச்சிட்டது. வாய்ப்பேச்சாக இருந்த மதிப்பு அதனால் அச்சில் ஏறியது. அச்சில் கண்டவர்கள் அந்த நாடாவைத் தேடினார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, இது மந்தைப் போக்கு, அதாவது நாலு பேர் சொன்னதை நாற்பதாயிரம் பேர் திருப்பிச் சொன்ன கதை என்பது. ஓரளவுக்கு உண்மைதான். இத்தாக்கா கச்சேரி நடக்கவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று ரசிகர்களே ஒரு புரளியைக் கிளப்பி விளையாடும் அளவுக்கு அந்தப் புகழ் ஊதிப்போயிருந்தது. ஆனால் மந்தை, கேட்காமலே தலையாட்டும். இவர்களோ பாஸ்டனையும் பஃபலோவையும் கேட்டு, நிமிடக் கணக்கோடு ஒப்பிட்டு, பல ஆண்டுகள் சண்டை போட்டவர்கள். எதிர்க்கட்சி ஓயாமல் இருந்தும் தாக்குப்பிடித்த தேர்வை வெறும் பின்பற்றல் என்று தள்ள முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. நேரில் இருந்தவர்களின் நினைவல்லவா வரலாறு, அறையில் கேசட் கேட்டவர் எப்படிச் சாட்சியாவார்? நேரில் இருந்தவர்களால் மட்டுமே சொல்லக்கூடியவை உண்டு. மே மாதத்தில் வெளியே வந்தபோது பனி பெய்திருந்ததை எந்த நாடாவும் சொல்லாது. ஆனால் நேரில் இருந்தவருக்குத் தெரிந்தது ஓர் இரவு. அந்த இரவு மற்ற இரவுகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒப்பீடு வேண்டும். ஒப்பிட, மறுபடி கேட்கக்கூடிய சான்று வேண்டும். சிறந்தது என்பது நிகழ்ச்சியைப் பற்றிய செய்தி அல்ல, பல நிகழ்ச்சிகளுக்கிடையேயான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதியை நாடாதான் தந்தது. அது சாய்வில்லாத நீதிபதியும் அல்ல: நல்ல பதிவு இல்லாமல் போன இரவுகள் அதன் முன் வழக்காடவே முடியவில்லை. ரசிகர்கள் கட்டிய வரலாற்றின் உண்மையான குறை அவர்கள் மிகைப்படுத்தினார்கள் என்பதல்ல. மைக் சரியாகப் பிடிக்காத இரவுகள் அதில் இல்லை என்பதுதான்.

அந்தக் குறையோடும் அவர்களுடைய தீர்ப்பை நிறுவனங்கள் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் பார்ட்டன் ஹால் பதிவைச் சேர்த்தது. அப்போது கடையில் வாங்கக்கூடிய அதிகாரபூர்வ வெளியீடு எதுவும் இல்லை. மூல நாடாக்கள் குழுவின் காப்பகத்துக்கு வெளியே இருந்தன. அவை திரும்பி வந்த பிறகு, நாற்பதாம் ஆண்டை ஒட்டி 2017 மே மாதத்தில்தான் முறைப்படி வெளியாகின. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2005இல் இணையக் காப்பகத்திலிருந்த மேடைப் பதிவுகளைத் தரவிறக்கத் தடை வந்தபோது, ரசிகர்கள் அதை வியாபார மாற்றமாகப் பார்க்கவில்லை. தங்கள் உடைமையில் யாரோ கைவைத்ததுபோல் கொதித்தார்கள். சட்டப்படி அது பிழையான எண்ணம். வரலாற்றின்படி அவ்வளவு பிழையில்லை. பாடல்களின் உரிமை குழுவினுடையது. மே 8 என்ற தேதிக்கு ஒரு பொருள் உண்டென்பதைக் குழுவோ வெளியீட்டு நிறுவனமோ அறிவிக்கவில்லை. விலை வாங்காமல் பிரதி எடுத்துக் கொடுத்தவர்களே அதை உண்டாக்கினார்கள். 2017இல் நிறுவனம் விற்றது அவர்கள் ஏற்கெனவே தேர்ந்து வைத்திருந்த இரவை.