கையெழுத்துப் போடும் கை



மன்னவனூரைத் தாண்டி எங்கள் கவுஞ்சிக்கு வரும் வழியில் ஜீப் மக்கர் செய்தால், ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல்லை அண்டக்கொடுத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடலாம். வானத்தில் ஓரம் ஏது? விமான மெக்கானிக்கின் பொறுப்பு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் சரித்திரத்தில் விமானிக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்தது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த விமானத்தின் எஞ்சினை அவர்களுடைய சைக்கிள் கடையில் ஆறே வாரத்தில் செய்து கொடுத்த மெக்கானிக் சார்லி டெய்லரை எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரும் பட்டறையாக மாறியது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை, அமெரிக்காவிடம் பெற்றிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் குவித்து, இனி யாருக்கும் உதவாதபடி சிதைத்துவிட்டுப் போனது.

சுதந்திர இந்தியாவுக்கோ குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. 1948-ல் பெங்களூர் ஆட்கள் கான்பூர் போய் அந்தக் குவியலைக் கிளறினார்கள். ஒன்றில் இல்லாத பாகத்தை இன்னொன்றில் கழற்றிப் பூட்டினார்கள். பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்குத் தேற்றி, இங்கே கொண்டுவந்து முழுதாகச் செப்பனிட்டார்கள். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர்பெற்றன! 1948 நவம்பரில் அவற்றைக்கொண்டு 5-ஆம் ஸ்குவாட்ரன் அமைந்தது. 1968 வரை லிபரேட்டர்கள் நம் விமானப்படையில் உழைத்தன.

அவற்றைக் கான்பூரிலிருந்து ஓட்டிவந்த சோதனை விமானி ஜிம்மி முன்ஷியின் பெயர் நிலைத்தது. அவர் துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் நான்கு எஞ்சின்களையும் ஓடவிட்டுப் பார்த்து, "சரி, போகலாம்" என்று சொன்னவர்களின் பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

இன்று கான்பூர் பாணி வேலை நடக்காது. பூட்டும் ஒவ்வொரு பாகத்துக்கும் சான்று வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும் வரை விமானம் நகரக் கூடாது. கடைசியில் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்டால்தான் பயணத்துக்கு விடலாம். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் "இன்னிக்கு இது போகாது" என்று சொல்லும் அதிகாரமும் அந்தக் கையெழுத்துக்குள் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

மாணவத் தம்பி தங்கைகளே, கை அழுக்காவதை இழுக்காக நினைக்காதீர்கள். விமானப்படை மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தரும் நிலையம் தாம்பரத்திலேயே இருக்கிறது. சூலூரில் பழுதுபார்க்கும் தளமே இருக்கிறது.

மூத்த நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்நாளில் பெங்களூர் போய் அந்தப் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர் பெயரையும் செய்த வேலையையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அச்சாகட்டும்.