குத்தகைக் கப்பல்

ஓசூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சிப்காட் பக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். நான்கு லேத்துகள், பதினொரு தொழிலாளர்கள், சுவரில் ஒரு சுவாமி படம், படத்துக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர். அட்டிபெலே வந்துவிட்டால் கர்நாடகம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கலந்து புழங்கும் ஊர் அது. "நீ எந்த ஊர்க்காரன்?" என்று அங்கே யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரில், சென்ற முறை போயிருந்தபோது, நண்பர் அந்தக் கேள்வியையே மென்பொருள் விஷயத்தில் கேட்டார்.

"கணக்கு எழுதப் புதுசா ஒண்ணு வாங்கணும் ஸார். அமெரிக்கக் கம்பெனிச் சரக்குதான் வேணும்கிறான் பையன். நம்ம நாட்டுச் சரக்கு இருக்கும்போது அது எதுக்குங்கிறேன் நான். சரித்திரம் எல்லாம் எழுதறீங்களே, நீங்க சொல்லுங்க."

சுதேசி என்றதும் தமிழனுக்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையின் நினைவு வராமல் இருக்குமா? "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுதேசிதான்!" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சாவகாசமாக அந்தச் சரித்திரத்தையே புரட்டிப் பார்த்தபோதுதான், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

1906-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பிறந்தபோது அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷாலைன் என்ற கம்பெனியின் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஷாலைன்காரர்களை நெருக்கியது; குத்தகை ரத்தாயிற்று. கொடி சுதேசி, பிரயாணிகள் சுதேசிகள். ஆனால் கப்பல் அடுத்தவனுடையது. அப்புறம்தான் பிள்ளையவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவை தூத்துக்குடியில் கட்டியவை அல்ல, வெளியிலிருந்து வாங்கியவை. ஆனாலும் அவற்றைச் சுதேசிக் கப்பல்கள் என்றே ஜனங்கள் கொண்டாடினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பிறந்த இடம் எதுவானாலும், சுக்கான் நம் கையில் இருந்தது.

இன்றைய மென்பொருளில் பெரும்பகுதி குத்தகைக் கப்பலே. மாதாமாதம் வாடகை கட்டுகிறோம். நம் கணக்கும் கடிதமும் எங்கோ ஒரு தூர தேசத்து யந்திரத்தில் இருக்கின்றன. 2025 ஜூலையில் குஜராத்தின் நயாரா எண்ணெய்க் கம்பெனிக்கு நடந்ததைப் பாருங்கள். அதில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்குப் பங்கு உண்டு என்பதற்காக ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. நயாரா இந்தியாவில் பதிவான கம்பெனி, இந்தியச் சட்டம் எதையும் அது மீறியதாகப் பேச்சில்லை, பணமும் கட்டியிருந்தது. டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பக் கிடைத்தது. எங்கோ இயற்றிய சட்டம் இங்கே ஒரு குமாஸ்தாவின் மேஜையைப் பூட்டிவிடுகிறது. ஆகவே, செய்தவன் எந்த நாட்டான் என்று கேட்பது குறுகிய புத்தி அல்ல. அவன் எந்த ராஜ்யத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று கேட்பதுதான் அது.

அப்படியானால் அந்நியச் சரக்கு எல்லாவற்றையும் விலக்கிவிடலாமா? அதையும் இந்தத் தேசம் ஓரளவு பார்த்திருக்கிறது. அந்நியப் பங்கைக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு இணங்காமல் 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுப்போன யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற சி.எம்.சி. என்ற அரசாங்க நிறுவனமே பிற்பாடு ரயில் டிக்கெட் முன்பதிவுக்கான மென்பொருளை எழுதியது. 1985-ல் டில்லியில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். இது லாபம். ஆனால் அந்த வருஷங்களில் கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு லைசென்ஸும் கனத்த வரியும் இருந்ததால், என் நண்பரைப் போன்ற பட்டறைக்காரர் அதைக் கண்ணாலும் பார்த்திருக்க முடியாது. இது நஷ்டம். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி கதருக்காக ஆசிரமம் நடத்தியவர்; அவரே 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்தார். தானாக விரும்பி உடுத்துகிற கதர் வேறு, சர்க்கார் உத்தரவினால் உடுத்துகிற கதர் வேறு அல்லவா?

ஓசூரிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 1984-ல் ஜப்பானின் சுஸுகியோடு கூட்டுச் சேர்ந்து டி.வி.எஸ். அங்கே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 2001-ல் கூட்டு முறிந்தது. அதே வருஷம் தன் சொந்த வடிவமைப்பில் விக்டர் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அந்நியனிடம் கற்றதில் அவமானம் ஒன்றுமில்லை. அவன் போன பின்பும் பட்டறை ஓடியது என்பதுதான் விஷயம்.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்ல மறுபடி போனேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், பீரோவிலிருந்து ஒரு பழைய தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல அஞ்சு வருஷக் கணக்கு இருக்கு ஸார். நம்ம பக்கத்துப் பையன்கள் எழுதின மென்பொருள். கடையை மூடிட்டுப் போயிட்டாங்க. இப்போ எதாலேயும் திறக்க முடியலே. அதனாலதான் என் மகன் நம்ம நாட்டுச் சரக்குன்னாலே முறைக்கிறான்."

எனக்குப் பேச்சு எழவில்லை. வெளிநாட்டான் பூட்டினால் அடிமைத்தனம், உள்ளூரான் பூட்டினால் மட்டும் சுதந்திரமா? 2025-ல் மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் மென்பொருளுக்கு மாறியதாகச் செய்தி வந்தபோது நானும் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை விட வேண்டியதில்லை. நம் சட்டம் எட்டும் தூரத்தில் ஒருவன் இருப்பது பெரிய காரியம்தான். ஆனால் அவனிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நாளைக்கு நான் போக விரும்பினால், என் கணக்கை என் கையில் கொடுப்பாயா? அதை வேறொரு மென்பொருளில் நான் படிக்க முடியுமா?" இதற்கு ஆம் என்பவர்களில் நம் நாட்டவன் இருந்தால் அவனையே எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்பவன் அண்ணன் தம்பியே ஆனாலும் வேண்டாம்.

அப்பாவும் மகனும் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். இரண்டு மென்பொருளிலும் ஒரு மாதக் கணக்கை எழுதி, வெளியே எடுத்து, வேறொன்றில் திறந்து பார்த்தார்கள். கடைசியில் சுதேசிச் சரக்கையே வாங்கினார் நண்பர். ஆனாலும் மாதம் பிறந்தால் கணக்கின் பிரதியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.